நெருப்பு பொருளா, நிகழ்ச்சியா?



திருவிடைமருதூர் வட்டாரத்துப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும், பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பொருள்களின் மூன்று நிலைகள் என்னும் பாடத்தை நடத்தி முடிக்கும் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் யாரேனும் ஒரு மாணவரோ மாணவியோ எழுந்து ஒரு கேள்வி கேட்பதுண்டு. "ஐயா, கல் திடப்பொருள், தண்ணீர் திரவம், காற்று வாயு. அப்படியானால் நெருப்பு இவற்றில் எதைச் சேர்ந்தது?" என்பதே அக்கேள்வி. வகுப்பிலேயே சிலர் "வாயு" என்பார்கள். அண்மைக் காலத்தில் கைப்பேசியில் படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள், "நான்காவது நிலை, பிளாஸ்மா" என்று உறுதியாகச் சொல்வார்கள். இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

விடை காண்பதற்கு முன், 'நிலை' என்ற சொல்லுக்குப் பொருள் என்ன என்பதைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். திடப்பொருளில் அணுக்களும் மூலக்கூறுகளும் தத்தம் இடத்தில் நின்று அதிர்கின்றன. ஆகவே அதற்கு உருவம் உண்டு. திரவத்தில் அவை ஒன்றையொன்று விட்டு நீங்காமல், ஆனால் இடம் மாறிக்கொண்டு திரிகின்றன. ஆகவே அதற்குப் பருமன் உண்டு, தனி உருவம் இல்லை. வாயுவில் அவை கட்டவிழ்ந்து ஓடுகின்றன. ஆகவே அதற்கு உருவமும் இல்லை, நிலையான பருமனும் இல்லை. இம்மூன்று நிலைகளிலும் பொருள் ஒன்றே. பனிக்கட்டியும் தண்ணீரும் நீராவியும் ஒரே மூலக்கூறுகளால் ஆனவை. சூட்டைக் கொடுத்தால் ஒன்று மற்றொன்றாகும். சூட்டை எடுத்துவிட்டால் பழைய நிலைக்கே திரும்பும். நிலை மாறுவது என்பது உடை மாற்றுவது போன்றது, ஆள் மாறுவதில்லை.

நம் வீட்டில் உள்ள கற்பூரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவைத் திறந்து வைத்தால் சில நாட்களில் வில்லை சிறுத்துப் போகிறது. திடமாக இருந்த கற்பூரம் திரவமாகாமலே ஆவியாகிவிட்டது. அந்த ஆவியைக் குளிர்ந்த கண்ணாடியில் படியவைத்தால் மீண்டும் வெண்மையான கற்பூரமே கிடைக்கும். இது நிலை மாற்றம். அதே கற்பூரத்தைக் கொளுத்துங்கள். அப்போதும் அது மிச்சமில்லாமல் மறைகிறது. ஆனால் சுடரின் மேல் எந்தக் கண்ணாடியைக் குளிரவைத்துப் பிடித்தாலும் எரிந்துபோன கற்பூரம் திரும்பி வாராது. கண்ணாடியில் கரி படியும், நீர்த்திவலை அரும்பும். கண்ணுக்குத் தெரியாமல் கரியமில வாயு காற்றோடு கலக்கும். கற்பூர ஆவி காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து வேறு பொருள்களாக மாறிவிட்டது. இது ரசாயன மாறுதல். ஒரே வில்லை, இரண்டு வகையான மறைவு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு நம் கேள்வியில் பாதி தெளிந்துவிட்டது.

இனி, விளக்குச் சுடரை அருகில் சென்று பார்ப்போம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள நாச்சியார்கோவில் பித்தளைக் குத்துவிளக்குகளுக்குப் பெயர் பெற்றது. அப்படிப்பட்ட விளக்கொன்றில் நல்லெண்ணெய் ஊற்றித் திரியிட்டு ஏற்றுகிறோம். எரிவது திரியா? திரி சிறிதளவே கருகுகிறது. எண்ணெயா? அகலில் உள்ள எண்ணெயில் நெருப்பு இல்லை. திரியின் இழைகள் வழியே மேலேறிய எண்ணெய் நுனியில் சூடாகி ஆவியாகிறது. அந்த ஆவிதான் எரிகிறது. இங்கிலாந்து நாட்டு அறிஞர் மைக்கேல் பாரடே, 1860-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் பருவத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர் சிறுமியருக்காக ஒரு மெழுகுவத்தியின் ரசாயன வரலாற்றைப் பற்றித் தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார். எரியும் வத்தியை மெல்ல அணைத்தால் திரியிலிருந்து வெண்புகை எழுகிறது. அந்தப் புகையின் மேல் நுனியில் தீக்குச்சியைக் காட்டினால், நெருப்பு புகையின் வழியே இறங்கி வந்து திரியை மறுபடியும் பற்றவைக்கிறது. அப்புகை மெழுகின் ஆவி என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம்.

சுடரின் அடியில் நீல நிறம் தெரிகிறது. மூலக்கூறுகள் சிதைந்து பிராணவாயுவோடு சேரும் இடத்தில் தோன்றும் ஒளி அது. மேலே மஞ்சள் நிறம். எரிந்து முடியாத கரித்துகள்கள் சூடேறிப் பிரகாசிப்பதால் வரும் ஒளி அது. அந்தத் துகள்களைத்தான் தகட்டில் பிடித்துக் கண்மை தயாரிக்கிறோம். கரித்துகள் திடப்பொருள் என்பதை மறந்துவிடாதீர்கள். ஆக, விளக்குச் சுடருக்குள் வாயு இருக்கிறது. திடமான துகளும் இருக்கிறது. திரியின் நுனியிலோ திரவமாகிய எண்ணெய் இருக்கிறது. மூன்று நிலைகளும் ஓரங்குலத்துக்குள் கூடியிருக்கும்போது, 'நெருப்பு இன்ன நிலை' என்று எப்படிச் சொல்வது?

தமிழில் நெருப்பைச் சொல்ல எத்தனை சொற்கள்! சுடர் வேறு, தணல் வேறு, அனல் வேறு. எங்கள் பக்கத்தில் உமியைக் குவித்து மூட்டினால் அது சுடர்விடாமல் நாள் முழுவதும் கனன்றுகொண்டே இருக்கும். அடுப்பில் விறகின் ஆவி எரிந்தடங்கிய பிறகு கரி தணலாக நிற்கும். அங்கே எரிவது வாயு அன்று. திடமான கரியின் மேற்பரப்பு நேரே பிராணவாயுவோடு சேர்கிறது. கொல்லன் உலையில் பழுத்த இரும்பும் தணலைப் போலவே சிவந்து ஒளிர்கிறது. ஆனால் அது ஒளிர்வது எரிவதால் அன்று, சூட்டினால். உலையை விட்டு எடுத்து ஆறவைத்தால் பழைய இரும்பே. ஒளியும் சூடும் மட்டும் நெருப்புக்கு அடையாளம் ஆகா என்பதை இந்த இரும்பு நமக்குக் காட்டுகிறது.

இன்னொரு சோதனையும் உண்டு. தக்க வெப்பநிலையும் அழுத்தமும் இருந்தால் தண்ணீர், இரும்பு, பொன், காற்று ஆகிய எல்லாமே திடம், திரவம், வாயு என்னும் நிலைகளை அடையக் கூடும். செம்புகூட 1085 டிகிரி சென்டிகிரேடில் உருகித் தண்ணீர்போல் ஓடுகிறது. சுவாமிமலைச் சிற்பிகள் சிலை வார்ப்பதற்கு உலோகத்தை உருக்குவதைப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். நெருப்பும் ஒரு நிலையாக இருக்குமானால், எல்லாப் பொருளும் அந்நிலையை அடைய வேண்டும் அன்றோ? தண்ணீரை எவ்வளவு காய்ச்சினாலும் அது தீப்பற்றுவதில்லை. ஏன்? தண்ணீர் ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். ஹைட்ரஜன் எரிந்து கிடைக்கும் 'சாம்பல்' என்றே அதைச் சொல்லலாம். மணலும் அப்படியே. உமி எரிந்த பின் அவ்வளவு சாம்பல் மிஞ்சுவதற்குக் காரணம், உமியில் மிகுந்துள்ள சிலிக்கா என்னும் அந்த மணற்பொருள் எரிய மறுப்பதுதான். எரியும் பொருள் உண்டு, எரியாத பொருள் உண்டு. உருகுவதையும் ஆவியாவதையும் போல எரிவது எல்லாப் பொருளுக்கும் பொது அன்று.

பிறகு நெருப்பு என்பதுதான் என்ன? காவிரியில் தண்ணீர் வரும் நாளில் மதகின் கீழே சுழி ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காலையில் பார்த்தாலும் அங்கேயே நிற்கிறது. மாலையில் பார்த்தாலும் அங்கேயே நிற்கிறது. அதற்கு இடம் உண்டு, உருவம் உண்டு, இழுக்கும் வலிமையும் உண்டு. ஆனால் காலையில் அதில் சுழன்ற தண்ணீர் மாலைக்குள் கடைமடையை நோக்கிப் போய்விட்டது. சுழியைக் குடத்தில் முகந்து வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா? குடத்தில் வருவது தண்ணீர்தான், சுழி வாராது. சுழி ஒரு பொருள் அன்று. தண்ணீரில் நடக்கும் ஒரு நிகழ்ச்சி. சுடரும் அவ்வாறே. ஒவ்வொரு கணமும் புதிய ஆவி கீழிருந்து வருகிறது, புதிய காற்று பக்கத்திலிருந்து புகுகிறது, எரிந்த வாயு மேலே போகிறது. சுடரின் கூம்பு வடிவமும் இந்த ஓட்டத்தால் அமைந்ததே. விண்வெளிக் கலங்களில், எடையின்மையில் வத்தியை ஏற்றிப் பார்த்தபோது, சூடான காற்று மேலெழ வழியில்லாமையால் சுடர் மங்கலான நீல நிறத்தில் உருண்டையாக நின்றது. ஆகவே நெருப்பு பொருளின் ஒரு நிலை அன்று. பொருள்களுக்கிடையே நடக்கும், வெப்பமும் ஒளியும் வெளிவிடும் விரைவான ரசாயன மாறுதல் அது.

"அப்படியானால் நம் முன்னோர் நெருப்பை ஐம்பூதங்களில் ஒன்றாக வைத்தார்களே, அது தவறா?" என்று நீங்கள் கேட்கக் கூடும். உலகத்தை ஐந்து பூதங்களின் கலப்பாகக் காணும் கருத்து தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. ஆனால் ஒரு விடையை மதிப்பிடும் முன், அது எந்தக் கேள்விக்கு விடை என்று பார்க்க வேண்டும். வைசேடிகர் என்னும் தத்துவவாதிகள் தேயு என்ற பொருளைச் சொல்லும்போது, சூடாகிய தொடுவுணர்ச்சியை உடையது எது என்றே முதலில் கேட்டார்கள். மூலக்கூறுகள் எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது அவர்கள் கேள்வி அன்று.

அன்னம்பட்டர் இயற்றிய தர்க்கசங்கிரகம் என்னும் நூலை வடமொழித் தருக்கம் பயில்வோர் முதற்பாடமாகப் படிப்பார்கள். அதில் தேயு நான்கு வகை: அடுப்பு நெருப்பு ஒன்று, மின்னல் முதலியன ஒன்று, உண்ட உணவைச் செரிக்கும் வயிற்றுத் தீ ஒன்று, நான்காவதாகச் சுரங்கத்தில் கிடைக்கும் பொன்! பொன் எப்படி நெருப்பாகும் என்று சிரித்துவிடாதீர்கள். அதற்கு அவர்கள் காரணம் காட்டினார்கள். நெய்யையும் அரக்கையும் தொடர்ந்து காய்ச்சினால் அவை உருகி, பிறகு கருகி, உருகிய தன்மையையே இழந்துவிடும். பொன்னையோ எவ்வளவு காய்ச்சினாலும் அதன் உருகுதன்மை அழிவதில்லை. எனவே அது மண்ணின் இனத்தைச் சேர்ந்ததன்று, தண்ணீரும் அன்று, ஆகவே தேயு என்று முடித்தார்கள். அவர்கள் கண்ட காட்சி முற்றிலும் சரியானது. பொன் காற்றில் எரிவதில்லை. ஆனால் கையில் இருந்த பெட்டிகள் சில. பொன்னை அவற்றில் ஒன்றில் வைத்தாக வேண்டும். வைத்தார்கள். 'திடமா, திரவமா, வாயுவா' என்று மூன்றே பெட்டிகளை வைத்துக்கொண்டு நெருப்பைத் திணிக்க முயலும் நாமும் அதே வேலையைத்தான் செய்கிறோம்.

ஐரோப்பியரும் இந்தத் தடுமாற்றத்துக்கு விலக்கானவர் அல்லர். எரியும் பொருளிலிருந்து பிளாஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறுகிறது என்று பதினெட்டாம் நூற்றாண்டு ரசாயனிகள் நம்பினார்கள். பிரான்சு நாட்டு லவாசியர் தராசைக் கையில் எடுத்தார். எரிந்த பொருளையும் அதனோடு சேர்ந்த காற்றையும் சேர்த்து நிறுத்தபோது, வெளியேறியது எதுவும் இல்லை, பிராணவாயு சேர்ந்திருக்கிறது என்று கண்டார். அத்தகைய அறிஞரே 1789-இல் வெளியிட்ட தனிமங்களின் பட்டியலில் ஒளியையும், 'கலோரிக்' என்ற வெப்பப் பொருளையும் சேர்த்திருந்தார். நெருப்பைப் பொருள் என்று எண்ணும் பழக்கம் அவ்வளவு எளிதில் நீங்கவில்லை.

இனி, பிளாஸ்மா என்று சொன்ன மாணவருக்கு விடை சொல்ல வேண்டும். வாயுவை மிக அதிகமாகச் சூடேற்றினாலோ, அதனூடே மின்சாரத்தைச் செலுத்தினாலோ, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிகின்றன. மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த அந்த நிலை உண்மையாகவே நான்காவது நிலைதான். 1879-இல் வில்லியம் குரூக்ஸ் இதனைப் பற்றிப் பேசினார். 1928-இல் இர்விங் லாங்மியூர் இதற்குப் பிளாஸ்மா என்று பெயரிட்டார். எந்த வெப்பநிலையில் எவ்வளவு அணுக்கள் இவ்வாறு பிரியும் என்று கணக்கிடும் சமன்பாட்டை 1920-இல் உலகுக்குத் தந்தவர் நம் நாட்டு மேகநாத் சாகா. விண்மீன்களின் ஒளியைப் படிப்பதற்கு அச்சமன்பாடு திறவுகோலாயிற்று. குஜராத் மாநிலம் காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையத்தில், காந்தப்புலத்தால் பிளாஸ்மாவைச் சிறைப்படுத்தும் 'ஆதித்யா' என்ற கருவி 1989-இல் இயங்கத் தொடங்கியது.

விளக்குச் சுடரின் மிகச் சூடான பகுதி ஏறக்குறைய 1400 டிகிரி. சாகாவின் வழியில் கணக்கிட்டால், இந்த வெப்பத்தினால் மட்டும் பிரியும் அணுக்கள் மிக மிகச் சொற்பம். எரிதலாகிய ரசாயன மாறுதலே சில அயனிகளைப் பிறப்பிக்கிறது. அவை இருப்பதை நம் பள்ளிச் சாலையிலேயே காணலாம். மின்னூட்டிய பொன்னிலை மின்காட்டியின் அருகே எரியும் வத்தியைக் கொண்டுசென்றால், விரிந்து நின்ற இலைகள் சட்டென்று மடங்கும். சுடரிலிருந்து வந்த அயனிகள் மின்னூட்டத்தைப் போக்கிவிட்டன என்பது அதன் பொருள். ஆகவே சுடரில் பிளாஸ்மாவின் சாயல் சிறிது உண்டு. ஆனால் வீட்டு விளக்கின் சுடரைப் பிளாஸ்மா என்று சொல்வது, உப்புக்கல் ஒன்றைப் போட்ட குளத்தைக் கடல் என்று சொல்வது போலாகும். மின்னல் பிளாஸ்மா, குழல் விளக்கினுள் ஒளிரும் வாயு பிளாஸ்மா, சூரியனும் பெரும்பாலும் பிளாஸ்மாவே. வியப்பு என்னவென்றால், சூரியனில் நம் அடுப்பில் நடப்பது போன்ற எரிதல் நடக்கவில்லை. அங்கே அணுக்கருக்கள் இணைகின்றன. பிளாஸ்மாவாக இருப்பது நெருப்பு அன்று. நெருப்பாக இருப்பது பெரும்பாலும் பிளாஸ்மா அன்று.

நேயர்களே, இவ்வளவு நுணுக்கமாக ஆராய்வதால் யாருக்கு என்ன பயன் என்று தோன்றலாம். பயன் உண்டு. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள், எங்கள் ஊரிலிருந்து சில கல் தொலைவில் உள்ள கும்பகோணத்தில், பள்ளி ஒன்றின் கீற்றுக்கூரையைத் தீப்பற்றியது. மதிய உணவு சமைத்த இடத்திலிருந்து பரவிய அந்தத் தீயில் 94 குழந்தைகள் மாண்டார்கள். அந்த வாரத்தில் எங்கள் வட்டாரத்து ஆசிரியர்கள் எந்த முகத்தோடு வகுப்புக்குள் சென்றோம் என்பதை என்னால் விவரிக்க இயலாது. அதற்குப் பிறகு எரிதலைப் பற்றிய பாடத்தை நான் மதிப்பெண்ணுக்குரிய பாடமாக எண்ணியதே இல்லை.

நெருப்பை ஒரு பொருள் என்று நினைக்கிறவர், அது தன் விருப்பப்படி வரும், போகும் என்று அஞ்சி நிற்பார். அது ஒரு நிகழ்ச்சி என்று அறிந்தவர், எதனால் அந்த நிகழ்ச்சி நடக்கிறது என்று கேட்பார். எரிபொருள், பிராணவாயு, போதிய வெப்பம் ஆகிய மூன்றும் ஒருங்கே கூடினால்தான் நெருப்பு. ஒன்றை நீக்கினால் நெருப்பில்லை. கீற்றுக்கூரை ஏன் அவ்வளவு விரைவில் பற்றுகிறது? உலர்ந்த கீற்று எரிபொருள். அடுக்கடுக்கான இடைவெளிகளில் காற்று நிறைந்திருக்கிறது. ஒரு பொறி போதிய வெப்பத்தைத் தந்துவிடுகிறது. சமையலறையைக் கூரையிலிருந்து விலக்கி வைப்பது எதனால் என்பது இப்போது விளங்குகிறதன்றோ?

வாணலியில் எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் எண்ணெயின் அடியில் சென்று திடீரென ஆவியாகி, எரியும் எண்ணெயை வாரி இறைத்துவிடும். அடுப்பை நிறுத்திவிட்டுத் தட்டினால் மூடுங்கள். பிராணவாயு தடைபட்டு நெருப்பு அடங்கும். ஆடையில் பற்றினால் ஓடாதீர்கள். ஓடினால் காற்று மிகுதியாகக் கிடைத்து நெருப்பு வளரும். தரையில் படுத்துப் புரளுங்கள்; அருகில் இருப்பவர் கனத்த கம்பளியால் போர்த்தி அணைக்கலாம். அறையில் புகை சூழ்ந்தால் நிமிர்ந்து நடக்காமல், தரையோடு தவழ்ந்து வெளியேறுங்கள். சூடான புகை மேலே தங்கும். சுவாசிக்கத்தக்க காற்று கீழே இருக்கும். இவை தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டிய விதிகள் அல்ல. நெருப்பு ஒரு நிகழ்ச்சி என்ற ஓர் உண்மையிலிருந்தே கிளைப்பவை.

மாணவச் செல்வங்களே, தேர்வில் இந்த வினா வந்தால் இப்படி எழுதுங்கள்: "நெருப்பு பொருளின் நிலை அன்று. அது வெப்பமும் ஒளியும் வெளிப்படுத்தும் ரசாயன மாறுதல். சுடரில் சூடான வாயுக்களும், திடமான கரித்துகள்களும், சிறிதளவு அயனிகளும் உண்டு." வினாத்தாளில் மூன்று பெட்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தால், பெட்டிகளைப் பற்றியே ஆசிரியரிடம் பணிவோடு கேளுங்கள். அப்படிக் கேட்கும் மாணவரை எந்த நல்ல ஆசிரியரும் கடிந்துகொள்ள மாட்டார்.

உங்கள் பள்ளியிலும் வீட்டிலும் அடுப்பு எங்கே இருக்கிறது, அதன் மேலும் பக்கத்திலும் எரியத்தக்கது என்ன இருக்கிறது, வெளியேறும் வழி திறந்திருக்கிறதா என்பதை நாளைக்கே ஒருமுறை சுற்றிப் பாருங்கள். குறை கண்டால் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.